இரண்டு சுமைகள்: ‘எழுத்து’ம் ‘மல்லிகை’யும்

‘எழுத்து’ ஆசிரியர் சி.சு. செல்லப்பாவைப் பற்றிப் பேசுகிற யாரும் அவர் தூக்கி நடந்த பைகளைச் சொல்லாமல் விடுவதில்லை. திருவல்லிக்கேணியிலிருந்து கிளம்பி, கை கொள்ளாத புத்தகச் சுமையோடு ஊர் ஊராகப் போய்க் கல்லூரி வாசல்களில் நின்றவர் அவர். டொமினிக் ஜீவாவைப் பற்றி யாழ்ப்பாணத்தாரிடம் கேட்டாலும் இதே மாதிரி ஒரு சித்திரம்தான் கிடைக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ‘மல்லிகை’க் கட்டு. எதிரே வருகிறவர் தெரிந்தவரென்றால் ஓர் இதழ் அவர் கைக்கு மாறும். தெரியாதவரென்றால் முதலில் பேச்சு, பிறகு இதழ். இருவரும் ஆசிரியர்கள், பிழை திருத்துகிறவர்களும் தபால் கட்டுகிறவர்களும் விற்கிறவர்களும் அவர்களேதான்.

இந்த ஒற்றுமை கண்ணில் பட்டதும் இரண்டையும் ‘சிற்றிதழ்’ என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம். இதழ் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுமந்த விதம் ஒன்றாக இருக்கலாம். சுமந்த சரக்கு வேறு, அதை இறக்கிவைத்த திண்ணையும் வேறு.

‘எழுத்து’ 1959 ஜனவரியில் பிறந்தது. அதற்கு முந்தைய நாலைந்து வருஷங்களைப் பார்த்தால்தான் அது ஏன் பிறந்தது என்று விளங்கும். 1950களின் நடுவில் வாரப் பத்திரிகைகளின் விற்பனை லட்சக்கணக்கை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ‘மணிக்கொடி’ இதழ்க் காலத்து எழுத்தாளர்களில் புதுமைப்பித்தனும் கு.ப.ரா.வும் போய்விட்டார்கள். மௌனி எழுதுவதே அபூர்வம். 1956இல் ‘சுதேசமித்திரன்’ பக்கங்களில் செல்லப்பாவும் க.நா.சுப்ரமண்யமும் தமிழ்ச் சிறுகதை தேங்கிப்போய்விட்டது என்று எழுத, அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. விமர்சனம் எழுதலாம், ஆனால் அச்சிட இடமில்லை என்ற நிலைமை. பிறர் தயவில் விமர்சனம் வளராது என்று முடிவுகட்டிய செல்லப்பா தானே ஒரு பத்திரிகை போட்டார். ஆக, ‘எழுத்து’ ஒரு வாக்குவாதத்தின் குழந்தை. அதன் முதல் அக்கறையே விமர்சனம்தான். கவிதைக்கு அதில் முதலிடம் என்று இன்று நாம் நினைப்பது பின்னால் நேர்ந்த கதை.

‘மல்லிகை’யின் பிறப்புக்கும் ஒரு வாக்குவாதம் காரணம்தான். ஆனால் அது பத்திரிகைப் பக்கங்களைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்ட வாக்குவாதம். யாழ்ப்பாணத்தில் 1960களின் தொடக்கத்தில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த எழுத்தாளர்கள் தங்கள் வீட்டுப் பேச்சையே கதையில் வைத்தார்கள். ‘இழிசினர் வழக்கு’ என்று மரபுப் பண்டிதர்கள் அதை ஒதுக்கினார்கள். கே. டானியல், ஜீவா, எஸ். பொன்னுத்துரை போன்றவர்கள் அதற்கு முன்பே தமிழ்நாட்டில் வ. விஜயபாஸ்கரன் நடத்திய ‘சரஸ்வதி’யில் எழுதிப் பழகியிருந்தார்கள். ‘சரஸ்வதி’ 1962இல் நின்றது. சுன்னாகத்திலிருந்து சிற்பி சரவணபவன் நடத்திவந்த ‘கலைச்செல்வி’ 1966இல் நின்றது. அதே 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யின் முதல் இதழ் வந்தது. இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 21 அன்று, சாதிக் கொடுமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது, பொலிஸ் அடித்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம். ஊர்வலத்தை நடத்தியவர்கள் சீனச் சார்புக் கம்யூனிஸ்டுகள். ஜீவா நின்றதோ மாஸ்கோ பக்கம். அந்தப் பிளவு வேறு பெரிய கதை. இங்கே வேண்டியது ஒன்றுதான்: ‘மல்லிகை’ முளைத்த மண் சூடான மண்.

அந்த மண்ணில் அது முளைத்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன். ஜீவாவின் குடும்பத் தொழில் அங்கே நடந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் சாதியைச் சொல்லிக் குத்திய சொல்தான் காரணம் என்று தன் வரலாற்று நூலான ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திர’த்தில் பதிந்திருக்கிறார். பிறகு அவர் படித்ததெல்லாம் சலூனில். தன் பல்கலைக்கழகம் சலூன்தான் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். இதைத் தன்னடக்கப் பேச்சாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. அது ஒரு சவால். சலூன் என்பது ஊரில் எல்லாரும் வந்து உட்காரும் இடம். கச்சேரி உத்தியோகத்தர் வருவார், ஆசிரியர் வருவார், மூட்டை தூக்குகிறவர் வருவார். காத்திருக்கும்போது பேப்பர் வாசிப்பார்கள், அரசியல் பேசுவார்கள், சண்டை பிடிப்பார்கள். ஓர் ஊரின் பேச்சு முழுதும் கத்தரிச் சத்தத்துக்கு நடுவே காதில் விழும். ‘மல்லிகை’யின் ஆசிரியர் நாற்காலி முதலில் கிடந்தது அங்கேதான். தமிழ்நாட்டுப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் மேல் கொண்ட பற்றால் பெயரோடு ‘ஜீவா’வைச் சேர்த்துக்கொண்ட அந்த மனிதர், சவரம் செய்த அதே கையால் கட்டுரைகளைத் திருத்தினார். இதைச் சொல்லிக்காட்டி அவரை ஏளனம் செய்தவர்களும் இருந்தார்கள்.

செல்லப்பாவின் வீடு திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில். அந்த வீட்டு அறையே பத்திரிகை அலுவலகம். வத்தலக்குண்டு ஆளானாலும் அவருடைய ‘எழுத்து’க்குச் சொந்த ஊர் என்று ஒன்று கிடையாது. திருவல்லிக்கேணியை நீங்கள் அதன் பக்கங்களில் தேடவேண்டியதில்லை. அதற்கு எழுதியவர்கள் நாகர்கோவிலில் இருந்தார்கள், திருவனந்தபுரத்தில் இருந்தார்கள், வடக்கே உத்தியோகத்தில் இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமலே தபாலில் சந்தித்த கூட்டம் அது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மாறாக, எந்த ஊருக்கும் சொந்தமாகாமல் இருந்ததால்தான் திருகோணமலையில் இருந்த இருபது வயதுப் பையன் ஒருவன் அங்கே நுழைய முடிந்தது. பெயர் தருமு சிவராமு. பின்னால் பிரமிள் என்று தமிழுலகம் அறிந்தவர். 1960இலிருந்து அவருடைய கவிதைகளும் கட்டுரைகளும் ‘எழுத்து’வில் வந்தன. செல்லப்பா அவருடைய வயதையும் ஊரையும் பார்க்கவில்லை. தபாலில் வந்த தாளைப் பார்த்தார், போட்டார்.

‘மல்லிகை’ தொடங்குவதற்கு ஆறு வருஷம் முன்பே ஈழத்துக் கவிஞர் ஒருவர் ‘எழுத்து’வின் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார் என்பதை ஈழத்து இதழ் வரலாறுகள் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அவரை ஈழத்தவர் என்றே ‘எழுத்து’ அடையாளம் காட்டவும் இல்லை, அதற்காகச் சலுகை கொடுக்கவும் இல்லை. ஜீவாவாக இருந்திருந்தால் திருகோணமலைக் கவிஞர் என்று அட்டையில் படம் போட்டிருப்பார். இரண்டு ஆசிரியர்களின் சுபாவத்துக்கும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அட்டைப் படம் என்று சொன்னேன். ‘சரஸ்வதி’ எழுத்தாளர்களின் படத்தை அட்டையில் போட்டுவந்தது. ஜீவாவின் படமும் அப்படி ஒருமுறை வந்தது. சினிமா நடிகைகள் அட்டையை ஆண்ட காலத்தில் ஓர் எழுத்தாளனின் முகம் கடையில் தொங்குவது எத்தனை பெரிய கௌரவம் என்று அனுபவித்து அறிந்தவர் அதைத் தன் இதழின் சம்பிரதாயமாகவே ஆக்கிக்கொண்டார். மாதா மாதம் ஒரு முகம், உள்ளே அவரைப் பற்றி ஒரு கட்டுரை. பேராசிரியர்கள், பள்ளி ஆசிரியர்கள், நாடகக்காரர்கள், மலையகத்து எழுத்தாளர்கள், முஸ்லிம் எழுத்தாளர்கள், சிங்கள எழுத்தாளர்கள். அந்தக் கட்டுரைகளைத் திரட்டி நூல்களாகவும் கொண்டுவந்தார். இன்று இலங்கையின் இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளர் யாரையாவது பற்றித் தேடுகிறவன் கடைசியில் வந்து சேருவது பெரும்பாலும் ஒரு ‘மல்லிகை’ அட்டையில்தான். அவற்றில் புகழ்ச்சி கூடுதல் என்பது உண்மை. சில கட்டுரைகள் கல்யாணப் பத்திரிகைபோல இருக்கும். ஆனாலும் பிறந்த ஊர், படித்த பள்ளி, முதலில் எழுதிய இதழ் என்று வேறெங்கும் பதிவாகாத செய்திகள் அவற்றில்தான் கிடக்கின்றன.

‘எழுத்து’வுக்கு அட்டை என்பதே பொருட்டில்லை. படமில்லை, அலங்காரமில்லை, உள்ளே போனால் நெருக்கி அடித்த எழுத்து. பார்ப்பதற்கு ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கை மாதிரி இருக்கும். அந்த வறண்ட தோற்றம் வேண்டுமென்றே வைத்துக்கொண்டதுதான்.

வாசகரைப் பற்றிய கணக்கில்தான் இரண்டும் அடியோடு பிரிகின்றன. இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சடிப்பதில்லை என்று ‘எழுத்து’ தன் வரையறையை அறிவித்துக்கொண்டது. தமிழில் இப்படி எழுதக்கூடிய பத்திரிகைக்கு அதற்கு மேல் ஆள் இருக்கமாட்டார்கள் என்பது கணக்கு. உண்மையில் அந்த இரண்டாயிரத்தை அது எட்டிப் பார்க்கவேயில்லை. சில நூறுகளிலேயே நின்றது. விற்காத பத்திரிகைக்கு உச்ச வரம்பு எதற்கு என்று கேலி செய்தவர்களுக்குக் குறைவில்லை. அந்த அறிவிப்பை வணிகப் பேச்சாகப் படித்தால் அது கேலிக்குரியதுதான். வாசகனுக்கு விடுத்த அழைப்பாகப் படித்தால் அர்த்தம் மாறுகிறது: நீ கூட்டத்தில் ஒருவனில்லை, எண்ணி எடுத்த ஆள், உன்னிடம் கடினமான விஷயம் பேசலாம் என்று அது சொல்கிறது. அந்தச் சில நூறு பேரில் கணிசமானவர்கள் பிறகு தாங்களே எழுதினார்கள், தாங்களே பத்திரிகை நடத்தினார்கள்.

ஜீவாவுக்கு இந்தக் கணக்கு புரிந்தே இருக்காது, புரிந்தாலும் பிடித்திருக்காது. அவர் கட்டோடு நடந்தது ஆள் பொறுக்க இல்லை. கந்தோருக்குப் போகிறவர், சந்தைக்கு வந்தவர், இதுவரை சிற்றிதழே வாங்காதவர், எல்லாரும் அவருக்கு வாசகர்தான். ‘தூண்டில்’ என்று கேள்வி-பதில் பகுதி ஒன்று நடத்தினார். இலக்கியக் கேள்வியும் வரும், வம்புக் கேள்வியும் வரும், சில சமயம் அவரையே குத்துகிற கேள்வியும் வரும். எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. பலருக்கு இதழ் கைக்கு வந்ததும் முதலில் புரட்டுகிற பக்கம் அதுவே. சுத்த இலக்கியக்காரர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். செல்லப்பா இப்படி ஒரு பகுதியைக் கனவிலும் வைத்திருக்கமாட்டார்.

எனக்கு ஓர் ஊகம் உண்டு. செல்லப்பா காந்தியத்தில் ஊறியவர், 1941 தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர், கடைசிவரை கதர்தான். அந்த அனுபவத்தையே மூன்று பாகமாக ‘சுதந்திர தாகம்’ என்று எழுதினார். அந்த இயக்கத்தில் கதர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக விற்றது ஒரு விரதம். வாங்குகிறவர் எத்தனை பேர் என்பதைவிட விற்கிறவர் விரதம் கலையாமல் இருப்பது முக்கியம். ஜீவா வளர்ந்தது கம்யூனிஸ்ட் கட்சியில். அங்கே கட்சிப் பத்திரிகையைத் தெருவில் நின்று கூவி விற்பது தொண்டனின் முதல் வேலை. எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று மாலையில் கணக்குச் சொல்லவேண்டும். இருவர் கையிலும் இருந்த சுமை ஒன்றுபோலத் தெரிவது இந்த இரண்டு பழக்கங்களையும் தூரத்திலிருந்து பார்ப்பதால்தான். கிட்டப் போனால் ஒன்று விரதம், மற்றது பிரசாரம்.

உள்ளடக்கத்துக்கு வருவோம். ‘எழுத்து’ சாதித்தது என்ன என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம்: புதுக்கவிதை. ந. பிச்சமூர்த்தி 1930களிலேயே யாப்பை விட்டு எழுதிப் பார்த்தவர்; பிறகு நீண்ட காலம் கவிதைப் பக்கமே வராதவர். அவரைச் செல்லப்பா மறுபடி எழுதவைத்தார். சுந்தர ராமசாமி ‘பசுவய்யா’ என்ற பெயரில் கவிதை எழுதத் தொடங்கியது அங்கே. சி. மணி, எஸ். வைதீஸ்வரன், தி.சோ. வேணுகோபாலன், டி.கே. துரைஸ்வாமியாக எழுதிய நகுலன் என்று வரிசை நீண்டது. 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தபோது 24 கவிஞர்கள், 63 கவிதைகள். அந்தச் சிறு புத்தகம் இல்லாவிட்டால் அடுத்த பத்தாண்டுத் தமிழ்க் கவிதையின் போக்கு வேறாக இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விமர்சனத்தில் செல்லப்பா செய்தது ‘அலசல்’. ஒரு கதையைப் பத்தி பத்தியாகப் பிரித்து, ஏன் இந்தச் சொல், ஏன் இந்த இடத்தில் என்று கேட்பது. சில சமயம் அலசி அலசித் துணியே நைந்துவிடும். மௌனியைப் பற்றிய அவருடைய தொடர் கட்டுரையைப் பொறுமையாகப் படித்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். ஆனாலும் ‘நன்றாக இருக்கிறது, நெஞ்சைத் தொட்டது’ என்பதோடு நின்றுவிட்ட தமிழ் ரசனைக்கு அந்த முரட்டு வைத்தியம் தேவைப்பட்டது. வெங்கட் சாமிநாதன் போன்ற விமர்சகர் ஒருவர் எழுந்து வரவும் அதுவே களமானது.

‘மல்லிகை’ சாதித்ததை ஒரு வார்த்தையில் சொல்ல வராது. அது எந்த வடிவத்தையும் புதிதாகக் கொண்டுவரவில்லை. அதில் வந்த கதைகளில் பாதி இன்று படிக்க முடியாதவை. கருத்து முன்னே நடக்கும், கதை பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். கவிதைகளில் கோஷம் அதிகம். க. கைலாசபதி, கா. சிவத்தம்பி போன்ற மார்க்சிய விமர்சகர்களின் கட்டுரைகள் அதற்கு அறிவுக் கனம் கொடுத்தன. கைலாசபதிக்கும் வெங்கட் சாமிநாதனுக்கும் இடையிலான மோதல் தமிழ் விமர்சனத்தில் பிரசித்தம். அதைத் தள்ளிநின்று பார்த்தால் ‘மல்லிகை’ முகாமும் ‘எழுத்து’ முகாமும் கடல் கடந்து அடித்துக்கொண்டதாகவே தோன்றும். சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது இங்கே என் வேலையில்லை.

ஆனால் ‘மல்லிகை’யைத் தனித்தனிப் படைப்புகளாக எடைபோடுவது தப்பு. யாழ்ப்பாணத்தில் அச்சான ஓர் இதழ், தீவின் தென்கோடியில் சிங்களவர் நடுவே இருக்கும் திக்குவல்லையின் முஸ்லிம் எழுத்தாளர்களைத் தேடிப் போனது. திக்குவல்லை கமால் போன்றவர்கள் அதன் வழியாகத் தெரியவந்தார்கள். நீர்கொழும்புக்குச் சிறப்பிதழ் போட்டது, லெ. முருகபூபதி அந்த ஊரிலிருந்து ‘மல்லிகை’யில் எழுதத் தொடங்கியவர். மலையகத்துக்கும் சிறப்பிதழ் வந்தது. சிங்களக் கதைகளை விடாமல் மொழிபெயர்த்துப் போட்டது, இரண்டு இனமும் ஒன்றன் மொழியை ஒன்று படிக்காமல் விலகிக்கொண்டிருந்த காலத்தில். யாழ்ப்பாணத்து இதழ் என்றால் யாழ்ப்பாணத்தைப் பற்றிய இதழ் என்று அதுவரை இருந்த வழக்கத்தை இது மாற்றியது. ஒரு வட்டாரத்தில் காலூன்றி நின்றபடியே மற்ற வட்டாரங்களுக்கு இடம் கொடுத்தது. இந்த ஒரு காரியத்தை ‘எழுத்து’வால் செய்திருக்க முடியாது. தனக்கென ஊர் இல்லாத இதழுக்கு அடுத்த ஊரும் இருப்பதில்லை.

இதற்கு அரசியல் காற்றும் உதவியது. 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான கூட்டரசாங்கம் இந்தியப் பத்திரிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. தமிழ்நாட்டு வார இதழ்கள் கடைகளில் குவிந்துகிடந்த காலம் போய், உள்ளூர் எழுத்துக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. வீரகேசரி நிறுவனம் வரிசையாக நாவல்கள் போட்டதும் அந்தப் பத்தாண்டில்தான். தமிழ்நாட்டில் செல்லப்பா வெறுத்த அதே வாரப் பத்திரிகைகளை இலங்கையில் ஓர் அரசாணை தடுத்துநிறுத்தியது. செல்லப்பாவுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

பணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பேரும் நட்டப்பட்டார்கள். ஜீவா கடைகளில் ஏறி இறங்கி விளம்பரம் வாங்கினார், ஆண்டு மலர் போட்டார், மல்லிகைப் பந்தல் என்று பதிப்பகம் வைத்தார். செல்லப்பா எழுத்து பிரசுரம் வைத்தார். அவருடைய ‘வாடிவாசல்’ 1959இல் அதன் வழியாகத்தான் வந்தது. இன்று அந்தக் குறுநாவல் பதிப்புமேல் பதிப்பாக விற்கிறது. அன்று அது பையில் கிடந்து ஊர் ஊராகச் சுமையேற்றியது.

இடையில் மூன்றாவது இதழ் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1975இல் யாழ்ப்பாணத்திலேயே ‘அலை’ பிறந்தது, அ. யேசுராசா அதன் மையம். 1990 வரை 35 இதழ்கள். கட்சிச் சட்டத்துக்குள் இலக்கியத்தை அடைப்பதை எதிர்த்தது, உருவத்தைப் பற்றிப் பேசியது, குறைவாக வந்தது, கறாராகத் தேர்ந்தது. குணத்தில் அது ‘எழுத்து’வின் உறவுக்காரன். எனவே ‘மல்லிகை’க்கும் ‘எழுத்து’க்கும் உள்ள வித்தியாசத்தை யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் உள்ள வித்தியாசம் என்று சுருக்கிவிடக் கூடாது. அது ஒரே ஊருக்குள்ளும் இருந்தது. எண்பதுகளில் இனப்போரின் நெருப்பைக் கவிதையில் கொண்டுவந்த இளைஞர்கள் ‘அலை’யின் பக்கமே அதிகம் போனார்கள். இன ஒற்றுமை பேசிய மாஸ்கோ சார்புத் தலைமுறையின் இதழ், இளைஞர்கள் துப்பாக்கி தூக்கிய நேரத்தில் தயங்கி நின்றது. ‘மல்லிகை’யின் மேல் நான் வைக்கிற பெரிய குற்றச்சாட்டு இதுதான். அந்தத் தயக்கத்திலும் ஓர் உண்மை இருந்தது என்று பின்னால் சிலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் காலத்தின் குரல் அந்த வருஷங்களில் வேறிடத்தில் ஒலித்தது.

இருந்தும் ‘மல்லிகை’ வந்துகொண்டிருந்தது. இதை எழுதுவது சுலபம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1987இல் இந்திய அமைதிப்படையோடு போர். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. பற்றரி, பெற்றோல், அச்சுத்தாள் எதுவும் குடாநாட்டுக்குள் வராது. பள்ளிக் கொப்பித் தாளில் நாளிதழ்கள் அச்சான காலம் அது. 1995 அக்டோபர் 30 அன்று குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுதும் மழையில் இடம்பெயர்ந்து நடந்தது. அறுபத்தெட்டு வயதில் ஜீவா ஊரை விட்டார். பிறகு கொழும்பிலிருந்து ‘மல்லிகை’யை மீண்டும் தொடங்கினார். யாழ்ப்பாண இதழ் யாழ்ப்பாணமில்லாமல் வந்தது. அந்தக் கொழும்புக் கால இதழ்களில் வெளிநாடு போனவர்களின் எழுத்து கூடியது, அவுஸ்திரேலியாவுக்குக்கூட ஒரு சிறப்பிதழ் வந்தது. தரம் என்று பார்த்தால் அது இறங்குகாலம். ஊர் கலைந்துபோனவர்களுக்கு அது ஒரு முகவரி. 2001இல் இலங்கை நாடாளுமன்றத்தில் அந்த இதழைப் பாராட்டிப் பேசியது நாடாளுமன்றப் பதிவேடான ஹன்சார்டில் ஏறியது. ஒரு சலூனில் தொடங்கிய பத்திரிகைக்கு இது சின்ன விஷயமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவ முதுமாணிப் பட்டம் கொடுக்க முன்வந்தபோது ஜீவா அதை ஏற்கவில்லை. சலூனில் படித்தவருக்கு எந்தப் பட்டம் தகும் என்று வெகுநாள் விவாதம் நடந்தது.

‘எழுத்து’வின் முடிவு இவ்வளவு நாடகத்தனமாக இல்லை. மாத இதழ் காலாண்டிதழாகச் சுருங்கியது. 1970இல், 119 இதழோடு, நின்றது. பன்னிரண்டு வருஷத்துக்கு மாதம் ஒன்று என்றால் 144 வந்திருக்கவேண்டும். இருபத்தைந்து குறைவு. கையில் காசு இல்லாததும் உடம்பு தளர்ந்ததும் காரணம்தான். ஆனால் அதற்குள் புதுக்கவிதை எங்கும் பரவிவிட்டது, விமர்சனத்துக்கு வேறு மேடைகள் வந்துவிட்டன. ‘எழுத்து’வின் வேலை முடிந்திருந்தது. பத்திரிகை ஒன்று வேலை முடிந்தபோது நிற்பது தமிழில் அபூர்வம். செல்லப்பா அதற்குப் பிறகும் 28 வருஷம் எழுதிக்கொண்டே இருந்து, 1998இல் மறைந்தார். ‘சுதந்திர தாக’த்துக்கு சாகித்திய அகாதெமி விருது 2001இல், அவர் போன பிறகு வந்தது.

ஜீவாவுக்கு வேலை முடியவே இல்லை. ஒரு கவிதை வடிவத்தை நிலைநாட்டிவிட்டு ஓயலாம். ஒரு மக்களைப் பதிந்துகொண்டிருப்பதை எந்த இடத்தில் நிறுத்துவது? 1966இலிருந்து 2012 வரை 46 வருஷம். கணக்குப்படி 550 இதழ் வந்திருக்கவேண்டும். வந்தது நானூறும் கொஞ்சமும். வராத அந்த நூற்றைம்பதுக்கும் காரணம் தேடினால் பாதிக்கு மேல் ஷெல்லும் ஊரடங்கும் இடப்பெயர்வுமாகத்தான் இருக்கும்.

எது உயர்ந்தது என்று கேட்டால், என் பதில் இது. ஒரே ஓர் இதழை எடுத்துப் படிக்கவேண்டுமென்றால் ‘எழுத்து’. நாற்பது வருஷத்து இதழ்களை அடுக்கிவைத்துப் படிக்க முடியுமென்றால் ‘மல்லிகை’. முன்னதில் நல்ல பக்கங்கள் அதிகம். பின்னதில், சுமாரான பக்கங்கள்கூட ஒன்றோடொன்று சேர்ந்து, வேறு எந்த நூலிலும் கிடைக்காத ஒரு நாட்டைக் காட்டுகின்றன. தமிழ்நாட்டு விமர்சகர்கள் முதல் அளவுகோலையே இரண்டுக்கும் வைத்து ‘மல்லிகை’யைத் தட்டிக்கழித்தது அநியாயம் என்பது என் துணிபு.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகத்தில் ‘மல்லிகை’ இதழ்கள் ஏறியிருக்கின்றன, காசில்லாமல் படிக்கலாம். படிக்கிறவர்கள் பிரபலமான பெயர்களைத் தேடிப்போகவேண்டாம். ஏதாவது ஒரு மாதத்தைத் திறந்து, அட்டை முகத்திலிருந்து கடைசிப் பக்கத்துக் கடை விளம்பரம் வரை படியுங்கள். வீட்டுப் பரணில் பழைய ‘எழுத்து’ அல்லது ‘மல்லிகை’ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஓர் ஆவணக் காப்பகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.